மனேஜர் வாங்கின் பையில் போன மிளகாய்த்தூள்

கொலோன், ஜேர்மனி

அன்பு மகள் மிதுசாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம், நீயும் சீனாவில் செங்டுவில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம், இதை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று கூடுதலாக ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினேன். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ வேலை செய்கிற கம்பனியின் சுற்றுலா பஸ், நீ அனுப்பியபடியே, வெள்ளிக்கிழமை நம் சாப்பாட்டுக்கடைக்கு வந்தது. முன்பு பேராலயத்தைப் படமெடுத்துவிட்டு ஓடிவிடும் சீனச் சனம் இப்போது வீதி நிறைய நிற்கிறது, பக்கத்துப் பேக்கரிக்காரி சீனத்தில் வணக்கம் சொல்லப் பழகிவிட்டாள். சொந்தக்காரரின் கடைக்கு ஆட்களை அனுப்பினால் வேலை போய்விடும், என்னைத் தெரிந்ததாகவே காட்டாதேயுங்கோ என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நாங்கள் இரண்டு பக்கமும் நிற்கிற உன் பட்டமளிப்புப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அந்த ஆணியில் ஒரு பாண்டாக் கரடிப் படத்தை மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் சுடுதண்ணீர் கேட்க, பஸ் முழுக்கக் காய்ச்சல்காரர் என்று பயந்து அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள், ரசித்துக் குடித்தார்கள். கூட வந்த உன் மனேஜர் வாங் ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் கேட்டார். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

பஸ் புறப்படுகிற நேரம் அம்மா ஒரு பார்சலோடு ஓடினாள். வறுத்த மிளகாய்த்தூள், அதுவும் மிளகாய்க்கே பேர்போன செங்டுவுக்கு. மேலே உன் பெயரும் போன் நம்பரும் பெரிய இங்கிலிஷ் எழுத்தில். இதை எங்கட பிள்ளையிட்டைக் குடுத்துவிடுங்கோ தம்பி என்று தமிழும் இந்த ஊர் டொச்சும் கலந்து வாங்கின் கையில் திணித்துவிட்டாள். ஏனடி என்று கேட்டதற்கு, பிள்ளை இருக்கிற ஊருக்கு ஒரு மனிசன் போறான், வெறுங்கையோடை விடுறதோ என்கிறாள். வாங் பெயரைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். நீ என் மூக்கோடு பிறந்தவள், அதற்கு அம்மாவைக் குறை சொல்ல ஏலாது. பார்சலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாய் என்கிறாள் அம்மா, பயத்தில் சாப்பிடுவதைச் சாப்பாடு என்று சொல்லக்கூடாது. இந்த வேலைக்காக நீ சீனப் பாஷையோடு பட்ட பாடெல்லாம் ஒரு பார்சலால் வீணாகிவிடுமோ என்று யோசிக்கிறேன்.

அவர்கள் பாரிஸ், சுவிஸ் எல்லாம் சுற்றி அடுத்த கிழமைதான் சீனா திரும்புவார்கள். அதற்குள் நீயே ஒப்பீசில் உண்மையைச் சொல்லிவிடு, பிழை அப்பாவுடையது என்று சொல்லு. மாதா உன்னைக் காப்பாராக, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு. சொல்லத் துணிவு வராவிட்டால் ஒன்றை மறவாதே, அவர் எந்த முகத்தோடு பார்சலைத் தந்தாலும் சிரித்துக்கொண்டு வாங்கு. அதை அவருக்கு முன்னால் மட்டும் பிரிக்காதே, சுவரில் இடமில்லாமல் போன அந்தப் படத்தையும் தூளோடு சேர்த்துக் கட்டியதாக அம்மா இப்போதுதான் சொல்கிறாள்.

இப்படிக்கு,
பாண்டாவுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருக்கும்
உன் அப்பா அன்ரன்