கடையில் நிற்கும் பெயர்

மார்ச் 4

மகன் தன் பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டான். ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி நல்ல போன். என் பட்டன் போனை எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துப் பார்த்துவிட்டு இழுப்பறையில் போட்டான்.

கடைகளிலும் வீடுகளிலும் கேமரா மாட்டுவது அவன் வேலை. அதனால் வீட்டில் இந்த மாதிரி விஷயமெல்லாம் அவன் பொறுப்பு. எனக்கென்று தனிக் கணக்கு தொடங்கவில்லை. அவன் கணக்கிலேயே என் போனும் ஓடுமாம். மருமகளுடையதும் அப்படித்தான். எல்லாம் ஒன்றாக இருந்தால் பார்க்க வசதி என்றான்.

என் போனில் பார்க்க என்ன இருக்கிறது? பால்காரர் நம்பரும் தங்கச்சி நம்பரும்.

சாப்பிட்டு முடித்ததும் மருமகள் வழக்கம்போல் தன் போனைத் துடைத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். வேளைக்கு மாத்திரை போடுகிற மாதிரி ஆகிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மார்ச் 9

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மருமகள் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள்.

மார்ச் 15

இன்று கேட்டேன். கேள்வி கேட்கவில்லை, காதால் கேட்டேன்.

நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் தங்கமான பிள்ளை என்று பெயர். மெதுவாகத்தான் பேசினான். வேலை தேடித் தருகிற ஆப் ஒன்றை அவள் பகலில் இறக்கிப் பார்த்திருக்கிறாள். அவன் வருவதற்குள் எடுத்தும் விட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். அவன் சொல்லித்தான் நின்றாள்.

"போன்ல இருந்து எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சியா? கடையில பேரு நிக்குதே."

கடை என்று அவன் சொல்வது ஆப்களை இறக்குகிற இடத்தை. அங்கே ஒரு பட்டியல் இருக்கிறதாம். இப்போது போனில் இருப்பவை ஒரு பக்கம், எப்போதோ இறக்கி எடுத்துவிட்டவை இன்னொரு பக்கம்.

பிறகு நாற்காலி இழுபட்ட சத்தம். அவளுடைய சத்தம் ஒன்றுமே இல்லை. நான் நிறுத்தியிருந்த குழாயை மறுபடி திறந்துவிட்டேன்.

இவன் அப்பா காலத்தில் போன் ஏது? அவர் என் செருப்பைப் பார்ப்பார். நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கிருந்து வீடு வரைக்கும் சிமென்ட் ரோடுதான். செருப்பில் மண் இருந்தால் வேறெங்கோ போயிருக்கிறேன் என்று அர்த்தம். தெருமுனைக் குழாயில் கழுவிக்கொண்டு வர ஆரம்பித்தேன். அப்புறம், ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்.

மார்ச் 17

தலையணை உறையை அவள் தானே துவைக்கப் போனாள். வாளியில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, அப்படியே பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்ல வேண்டியது அதுதானா?

மார்ச் 22

என் போனில் நான் போடாத படம் ஒன்று இருந்தது. சின்னதாக ஒரு குடை. தொட்டேன். ரகசிய எண் கேட்டது.

முதலில் மகனைத்தான் கூப்பிடப் பார்த்தேன். போன் பழுது என்றால் அவனைத்தானே கூப்பிட வேண்டும். பிறகு என்னவோ தோன்றி மொட்டை மாடிக்குப் போனேன். மருமகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போனைக் காட்டினேன். அவள் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அத்தை, அவரு உங்க போனைப் பார்க்க மாட்டாரு. அதான். கோபப்படாதீங்க."

அவள் போனில் வைக்க முடியாது, அதனால் நான் குளிக்கப் போனபோது என்னுடையதில் இறக்கியிருக்கிறாள். அடிபட்ட பெண்களுக்கு உதவுகிறவர்கள் வைத்திருக்கிற ஆப். காயத்தைப் படம் எடுத்து அனுப்பினால் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். வெளியே வரத் துணிந்தால் தங்க இடமும் தருவார்கள்.

சட்டைக் கையை மேலே ஏற்றினாள். நான் பார்த்தேன். சலவைப் பிரிவில் எவ்வளவோ பார்த்தவள்தான் நான். ஆனால் அதெல்லாம் துணி.

என் மகன். என் வயிற்றில் இருந்தவன்.

மார்ச் 23

"போன் எப்படி இருக்கு, பழகிட்டியா?" என்று கேட்டான். பழகிவிட்டது என்றேன். போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

மார்ச் 27

அவன் வேலைக்குப் போனதும் நானும் அவளும் கட்டிலில் உட்கார்ந்து பாடம் படித்தோம்.

ஆபத்து எங்கே என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. குடையை என் போனிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் கணக்கு அவனுடையது. என் போனில் இறக்கினாலும் அவன் போனில் கடையைத் திறந்தால் பட்டியலில் பெயர் நிற்கும். இதுநாள்வரை அவன் தன் பட்டியலைத் திறக்காமல் இருந்தது அதிர்ஷ்டம்.

கடையைத் திறந்து, மேலே மூலையில் இருக்கிற வட்டத்தைத் தொட வேண்டும். ஆப்களை நிர்வகிக்கிற இடம் வரும். அதில் 'நிறுவப்படாதவை' என்று ஒரு பக்கம். பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டத்தில் டிக் போட்டு, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் போய்விடும். கடையில் தேடின வார்த்தையும் மிச்சம் நிற்குமாம், அதற்குத் தனியாக அமைப்புகளுக்குள் போய் அழிக்க வேண்டும். இறக்கு, அனுப்பு, எடு, பட்டியலைத் துடை, தேடினதைத் துடை. ஒவ்வொரு தடவையும் இவ்வளவும் செய்ய வேண்டும். நான் இரண்டு முறை தடுமாறினேன். அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பல் டாக்டரிடம் பயந்து வருகிறவர்களிடம் இப்படித்தான் பேசியிருப்பாள்.

பட்டியலில் அவனுடைய பழைய சமாச்சாரங்களும் கிடந்தன. உடம்பு இளைக்க ஒன்று. முடி வளர ஒன்று. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சிரித்துவிட்டோம். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கிறது.

எப்போது உடைந்தது என்று கேட்கவில்லை. சிரிப்பு நின்றுவிடும்.

மார்ச் 30

இடம் தயாராகிக்கொண்டிருக்கிறதாம். குடைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம் என்றாள். "தெரிஞ்சா உங்ககிட்ட இருந்து எப்படியாவது வாங்கிடுவாரு அத்தை." சுருக்கென்றது. ஆனால் சரிதான்.

இந்த நோட்டைப் பழைய போர்வை மடிப்பில் வைத்திருக்கிறேன். அவன் தேட மாட்டான். காகிதத்தையெல்லாம் அவன் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை.

ஏப்ரல் 2

தப்பு செய்துவிட்டேன்.

அவளுக்குக் காய்ச்சல், படுத்திருந்தாள். நானே துடைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். குடைக்கு மட்டும் டிக் போட வேண்டும். என் விரல் எங்கே பட்டதோ, எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டது. நான் கவனிக்காமல் குப்பைத்தொட்டியைத் தொட்டேன். பட்டியலே காலி. அவனுடைய விளையாட்டு, கேமரா, முடி வளர்ப்பது, ஒன்றும் இல்லை.

அவளை எழுப்பிக் காட்டினேன். பரவாயில்லை அத்தை என்றாள். பரவாயில்லை என்று சொல்கிற முகமா அது?

ஏப்ரல் 4

ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும். கை ஓடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சீக்கிரமே வந்தான். வேலைக்குப் போன ஒரு துணிக்கடையில், பழைய கேமராவுக்கு என்று முன்பு வைத்திருந்த ஆப்பைத் தேடியிருக்கிறான். பட்டியல் வெறுமையாக இருந்திருக்கிறது. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து அவளைப் பார்த்து, யார் துடைத்தது என்று கேட்டான்.

நான்தான் என்றேன். என்னவோ அழுத்தினேன், போய்விட்டது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இடம் நெரிசலாக இருந்தது, அதனால்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அது இடத்தை அடைக்காதும்மா. அது வெறும் பேரு. வெறும் பேரை எதுக்குத் துடைக்கணும்? சொல்லு."

அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். கையைப் பிடித்து இழுக்கக்கூட இல்லை, அவள் தானாகவே நடந்து போனாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போகாமல் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கட்டும் என்றே தட்டினேன். திறந்தபோது அவள் தரையில் இருந்தாள், கை இடது காதின் மேல். விரலிடுக்கில் ரத்தம். விழுந்துவிட்டாள் என்றான். நான் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திரு என்றான். எழவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

இன்று காலை இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். கதவைப் பூட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருக்கிறான்.

ஆட்டோ பிடித்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். காது டாக்டர் சின்னப் பெண். எப்படி அடிபட்டது என்று கேட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று மருமகள் சொன்னாள். தடுமாறாமல் வந்தது. எத்தனை இடத்தில் சொல்லியிருப்பாள்.

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

"விழல டாக்டர். என் பையன் அடிச்சான்."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, சுவரைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னேன். மருமகள் குடைக்காரர்களின் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தாள். நர்ஸ் தன் போனிலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தாள். மதியத்துக்குள் இரண்டு பெண்கள் வந்தார்கள். போகும்போது மருமகள் என் கையைப் பிடித்தாள். நீங்களும் வந்துவிடுங்கள் என்றாள்.

நான் வந்தால் அவன் என்னைத் தேடிக்கொண்டு அங்கே வருவான். போம்மா என்றேன்.

ஏப்ரல் 5

எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். உண்மைதான். நம்பவில்லை. என் போனை மேசை விளக்கின் கீழே வைத்து, கேமராவைப் பிரித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எதுவும் இல்லை. காலி.

பிறகு அழுதான். சின்ன வயதில் அழுத மாதிரியே. முதுகைத் தடவிக்கொடுக்கக் கை போனது. பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 19

மருமகள் கொடுத்த புகாரில் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாலையே ஜாமீனில் வந்துவிட்டான். சாப்பாடு வைத்தேன், சாப்பிட்டான்.

மே 11

இப்போது தினமும் என் போனைப் பார்க்கிறான். கேட்பதில்லை, தானே எடுத்துக்கொள்கிறான். கடையையும் திறந்து பார்க்கிறான்.

மே 30

தங்கச்சி கூப்பிட்டாள். சொந்தக்காரர்களெல்லாம் பேசுகிறார்களாம். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்று. நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். நான் என்னத்தைச் சொல்ல என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 18

இன்று கோர்ட்டில் சாட்சி சொன்னேன்.

சின்ன அறை. மின்விசிறி ஓடிய சத்தத்தில் சத்தமாகப் பேசச் சொன்னார்கள். அதனால் எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவன் தரப்பு வக்கீல் கதவு சாத்தியிருந்ததா என்று கேட்டார். சாத்தியிருந்தது என்றேன். அப்படியானால் அடித்ததை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லையே என்றார். மகன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்கு அது போதும்.

அன்றைக்கு அடித்ததைப் பார்க்கவில்லை, கதவு திறந்தபோது இருந்ததைப் பார்த்தேன் என்றேன். அதற்கு முன்பு அவள் கைகளைப் பார்த்தேன், தலையணை உறையைப் பார்த்தேன், கல்யாணமானதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மகன் அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வராந்தாவில் மருமகள் நின்றிருந்தாள், கூட குடைக்காரப் பெண் ஒருத்தி. இளைத்திருக்கிறாள். அரைக்கைச் சட்டை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என் மேல் கோபம் இருக்கத்தானே செய்யும், நானல்லவா பட்டியலைத் துடைத்தவள் என்று நின்றுவிட்டேன். கூட இருந்த பெண்தான், அந்தக் காது கேட்காதும்மா, இந்தப் பக்கமா வாங்க என்றாள்.

சுற்றிக்கொண்டு வலது பக்கமாகப் போனேன். "அம்மாடி" என்றேன். திரும்பி, "அத்தை" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் ஒரு பல் டாக்டரிடம் சேர்ந்திருக்கிறாள். சாப்பிடுகிறீர்களா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். புதுப் போன் வைத்திருந்தாள். என் நம்பர் பழையதுதானா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

அவள் தன் நம்பரைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நானும் மகனும் தனித்தனி பஸ்ஸில் வந்தோம். எனக்கு முன்பே வந்துவிட்டான். கதவு திறந்திருந்தது.