பழைய அட்டையை உருவிவிட்டேன்

அம்மாடி,

அன்று காலை கிளம்பும்போது அம்மா வழக்கம்போல ஷூவுக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினாள். உன் ஹேர்பின் அகப்பட்டது. "என் ஷூ என்ன உனக்குக் குப்பைத்தொட்டியாடி?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

நேற்று நீ, "அம்மாவும்தான் இன்சோல் போட்டாங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். அவளைக் கொண்டுபோனது மாரடைப்பு. கடைசி நாள்வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். உனக்கும் அதே நரம்புக் கோளாறு, அதே பாதம். நீயும் நடக்க வேண்டும்.

நீ தூக்கி எறிந்த ஷூவைப் பார்த்தேன். ஷூவோடு வந்த உள் அட்டையை எடுக்காமல், அதன் மேலேயே உன் பாதத்துக்கென்று செய்த புது இன்சோல் மெத்தையை வைத்திருக்கிறாய். குதிகால் மேலேறி உரசியதால்தான் உன் காலில் கொப்புளம். அம்மாவும் முதல் தடவை இதையேதான் செய்தாள். "ரெண்டு மெத்தைன்னா சுகம்தானேன்னு நெனச்சேன்" என்றாள். சிரித்துத் தொலைத்தேன், ரெண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அட்டையை உருவிவிட்டேன். சாயந்தரம் இன்சோல் செய்தவர் வருவார். திருப்பிக் கொடுத்துவிடாதே, காலைக் காட்டு. கொப்புளம் ஆறியபிறகு கொஞ்ச நேரம் போட்டுப் பழகு. கழற்றியதும் பாதம் சிவந்திருக்கிறதா என்று பார். உன் காலுக்கு வலி சரியாகத் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சாப்பாடு அடுப்பு மேடையில். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

அப்பா

அம்மாவின் ஷூவைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றாய். இருக்கட்டும். இன்று காலையும் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அவள் குதிகால் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.