கை அடங்கிய வண்டி

இன்று காலை வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். நடைவழிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருக்கும் உன் ரேஸ் வண்டியின் சட்டத்தை நகர்த்தச் சொன்னேன். இருவராகப் பிடித்துச் சாய்த்தபோது அதன் குழாய் ஒன்றின் திறந்த முனையிலிருந்து மணல் கொட்டியது. ஒரு கைப்பிடி இருக்கும். காலாப்பட்டு தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டிய அந்த ஓட்டப்பாதையின் மணல்.

"இது என்னம்மா, கட்டிலா?" என்றார் ஆட்களில் பெரியவர்.

ரேஸ் வண்டியின் சேஸிஸ் என்றேன். பேரனுடையதா என்று கேட்டார். என் சிநேகிதியுடையது என்றதும் என் நரைத்த தலைமுடியை ஒருமுறை பார்த்துவிட்டு மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார்.

என் தரையில் மணல் கிடந்தால் எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். பெருக்கி அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கன்னியர் பள்ளியில் நாம் படித்த நாளிலிருந்தே நான் அப்படித்தான். தையல் வகுப்பில் நான் முதல் வரிசை, நீ ஜன்னலோரம். தையல் சொல்லித்தந்த கன்னியாஸ்திரியை மேர் என்போம், அவர் உன் துணியைத் தூக்கிக் காட்டுவார். கோணல் மாணலாக ஓடும் உன் தையலைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நானாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. அப்போதே துரைசானி என்று கேலியாக எனக்கு நீ வைத்த பெயர் மதாம். பிறகு நான் அதே பள்ளியில் பூத்தையல் கற்றுக்கொடுத்தேன், நீ அரசுப் பள்ளியில் டிரில் டீச்சர் ஆனாய். அடுத்தடுத்த தெருவில் குடித்தனம். இரண்டு பேரும் கணவரைப் பறிகொடுத்தோம். பேர் மட்டும் மாறவில்லை.

உன் அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த சொல்தா. அந்தக் குடியுரிமையில் உன் மகன் பாரீசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். ஆண்டுக்கு ஒருமுறை வருவான், "வந்துடும்மா" என்பான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாய். அப்படி வந்த ஒரு விடுமுறையில்தான் பிள்ளைகளைக் கோ-கார்ட் என்ற சின்ன ரேஸ் வண்டி ஓட்டக் கூட்டிப்போனான். பிள்ளைகள் சத்தத்துக்குப் பயந்து அழுதார்கள். வாங்கிய டிக்கெட் வீணாகக் கூடாது என்று நீ புடவையை மாற்றி, மருமகளின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். உன் மகனை இரண்டு முறை முந்தினாய். இரண்டாவது முறை முந்தும்போது கையை வேறு ஆட்டினாய்.

அதன் பிறகு ஞாயிறு மாதா கோவில் பூசை முடிந்ததும் சென்னை பஸ் பிடித்து அந்த ஓட்டப்பாதையில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. துணைக்கு நான். உன் பையையும் என் குடையையும் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்பேன். அறுபது தாண்டியவளுக்கு இது தேவையா என்று நம் கோவிலில் பேசாதவர்கள் இல்லை. நான் பதில் சொன்னதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவர்கள் கண்ணெதிரே உன்னோடு பஸ் ஏறினேன்.

வாடகை வண்டியில் ஓட்டியது போதும், கிளப் போட்டியில் சொந்த வண்டியோடு இறங்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று உன் மகன் போனிலேயே கத்தினான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான்.

"ஒரு எலும்பு முறிஞ்சாலும் டிக்கெட் போட்டுடுவேன். அப்புறம் மறுபேச்சே கிடையாது, சரியாம்மா?"

சரி என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் வீடு, மாலையில் நாம் நடக்கும் கடற்கரை, என் வீட்டுக் காப்பி, எல்லாவற்றையும் இன்னும் வாங்காத ஒரு வண்டியின் மேல் வைத்துவிட்டாயே என்று திட்டினேன். "அதனாலதான் மதாம், நல்லதா பாத்து வாங்கணும்" என்றாய்.

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் சேஸிஸ் விற்றார்கள். இரண்டு தேறின. ஒன்று தடித்த குழாய், பளபளப்பான பூச்சு. சாம்பியன்கள் எல்லாம் அதைத்தான் எடுக்கிறார்கள் என்றார் கடைக்காரர். மற்றது மெல்லிய குழாய், பார்க்கச் சாதாரணம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும், நீ சாகும்வரை சொல்லிச் சிரித்தாயே. கருங்காலி நாற்காலி வாங்கப் போனவள் மாதிரி இரண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தடித்தது அசையவில்லை. மெல்லியது லேசாக நெளிந்தது. "இதான் உறுதி, இதையே எடு" என்றேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, திருப்பத்தில் சட்டமேதான் வளைந்து கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். எவ்வளவு வளைய வேண்டும் என்பது ஓட்டுகிறவரின் எடையையும் பாதையின் பிடிப்பையும் பொறுத்தது என்றார். நீ உடனே பிடித்துக்கொண்டாய்.

"அந்தச் சாம்பியனுங்க என்ன எடை இருப்பாங்க?"

உன்னைப் போல ஒன்றரை மடங்கு என்றார்.

"எங்க ஓட்டுறாங்க?"

பெரிய ஊர்களில், நல்ல பிடிப்புள்ள பாதைகளில்.

"எங்களுது கடலோரம் தம்பி. காத்தடிச்சா ரோடு பூரா மணலு. நான் பூனைக்குட்டி கனம்."

அச்சு வளைந்துபோனால் எந்தச் சட்டத்துக்கு மறுநாளே மாற்று அச்சு கிடைக்கும் என்றும் கேட்டாய். உங்கள் பாதையில் நாலைந்து பேர் மெல்லியதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதற்கு உடனே கிடைக்கும் என்றார் அவர். அங்கேயே முடிவு செய்திருக்கலாம். நீ செய்யவில்லை. இரண்டையும் நம் பாதையில் ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று நின்றாய். ஓட்டத் தெரிந்துகொண்டு ஓராண்டுகூட ஆகாதவள் இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை நான் முகத்தில் காட்டியிருக்க மாட்டேன்.

அந்த ஞாயிறு காற்று பலமாக இருந்தது. கடைக்காரர் இரண்டு சட்டத்திலும் ஒரே மாதிரி இன்ஜினைப் பூட்டிக் கொண்டுவந்தார். ஆண்களுக்கென்று தைத்த ரேஸ் உடுப்பை நான் இடுப்பில் பிடித்துக் கொடுத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடி என்னிடம் வந்தாய்.

"சவுக்குத் தோப்புத் திருப்பத்துல போய் நில்லு. வேகத்தப் பாக்காத. என் கைய மட்டும் பாரு."

"கையையா? எதுக்குடி?"

"என் தையல் கோணலா போனா பள்ளிக்கூடத்துலயே மொதல்ல நீதான கண்டுபிடிப்ப? அதுமாதிரி பாரு."

குடையோடு போய் நின்றேன். முதலில் தடித்த சட்டம். திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் உன் கைகள் ஸ்டியரிங்கை இப்படி ஒரு வெட்டு, அப்படி ஒரு வெட்டு வெட்டின. பின்சக்கரம் மணலில் வழுக்கும், நீ பிடிப்பாய், மறுபடி வழுக்கும். பழகாத கை முதல்முறை ஊசி பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிறகு மெல்லியது. கை ஒருமுறை திரும்பியது, அங்கேயே நின்றது, நேரானது. அவ்வளவுதான். அடுத்த சுற்றிலும் அப்படியே. எத்தனையோ மாணவிகளின் கைகளைப் பார்த்தவள் நான். வேலை கைவசமாகும்போது கை எப்படி அடங்கும் என்று எனக்குத் தெரியும். உன் கை அடங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். தனியாக ஒரு சுற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் தடித்த சட்டம்தான் வேகம். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"அதுல உன் கை அடங்கலடி" என்றேன்.

"அப்ப இதான்" என்று மெல்லிய சட்டத்தைத் தட்டினாய்.

வண்டியைப் போட்டிக்குக் கொண்டுபோனபோது பையன்கள் அதற்கு 'ஆயா வண்டி' என்று பேர் வைத்தார்கள். உன் காதில் விழும்படிதான் சொன்னார்கள். "ஆயா வண்டிதான் கண்ணு, பின்னாடியே வா, வழி காட்டுறேன்" என்றாய். அன்று நீ ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கோ வந்தாய். ஆனால் காற்றடித்த கடைசிச் சுற்றுகளில் அந்தப் பையன்களில் இருவர் சுழன்று புல்லில் போய் நின்றார்கள். நீ அவர்களை ஒட்டி, உன் தடத்தை விட்டு விலகாமல் போனாய். கையை ஆட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஓட்டிய காலம் முழுதும் உனக்கு ஒரு எலும்பும் முறியவில்லை. உன் மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், டிக்கெட் போடவில்லை.

நோய் வேறு வழியாக வந்தது. இங்கே செய்ய அதிகமில்லை என்று டாக்டர்கள் சொன்னதும் அவன் ஓடி வந்தான். அங்கே கூட்டிப்போனால் இன்னும் கொஞ்ச காலம் இழுக்கலாம் என்றான். நீ வரமாட்டேன் என்றாய். அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டான். சிறு வயதிலிருந்தே என்னைப் பிரெஞ்சுக்காரர் அத்தையை அழைப்பதுபோல் தாந்த் என்றுதான் கூப்பிடுவான்.

"தாந்த், அம்மா பயத்துல சொல்றாங்களா, யோசிச்சுத்தான் சொல்றாங்களா? எனக்குத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேக்குறேன்."

என்னிடமா இதைக் கேட்பது? நீ போய்விட்டால் கடற்கரையில் நான் யாரோடு நடப்பேன், என் சொல்லில் என் சுயநலம் கலந்துவிடாதா? அதனால் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டிலருகே போய் நின்று பார்த்தேன்.

"என்ன பாக்குற மதாம்?"

"கைய."

நீ சிரித்தாய். "எப்படி இருக்கு?"

போர்வையின் மேல் இரண்டு கைகளும் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்று, விரல்கூட அசையாமல்.

"அடங்கியிருக்குடி" என்றேன்.

வெளியே வந்து, யோசித்துத்தான் சொல்கிறாள், விட்டுவிடப்பா என்று அவனிடம் சொன்னேன். அவன் அதற்குப் பிறகு பயணப் பேச்சே எடுக்கவில்லை. கடைசிவரை உன்னோடு இந்த ஊரிலேயே இருந்தான்.

இன்ஜினையும் சக்கரங்களையும் கிளப்புக்குக் கொடுத்துவிட்டான். சட்டத்தை மட்டும் என்னிடம் விட்டு, பொருத்தமான ஆள் வந்தால் கொடுங்கள் என்று சொல்லிப் போனான். போன வாரம் அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், ஓட்ட ஆரம்பித்து ஆறேழு மாதம்தான். வந்தவர் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார்.

"என்னம்மா, இப்படி ஆடுது?"

"ஆடத்தான் வேணும்" என்றேன்.

உன் கேள்விகளையெல்லாம் கேட்டேன். எடை என்ன, எங்கே ஓட்டப் போகிறீர்கள், காற்றடிக்கும் நாளில் ஓட்டியதுண்டா என்று. அவர் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன் என்றேன். வருகிற ஞாயிறு அவருடைய இன்ஜினையும் சக்கரங்களையும் பூட்டி நம் பாதையில் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. சட்டத்தை ஏற்ற சிறு லாரி வரும். நான் பூசை முடித்து, வழக்கமான பஸ்ஸில் போவேன்.

சவுக்குத் தோப்புத் திருப்பத்தில் குடையோடு நிற்பேன். வேகத்தைப் பார்க்க மாட்டேன் என்று அவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.