உள்மடிப்பில் துணி இல்லாத கோட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்தச் சொல் இந்த முறை சுலபமாக வரவில்லை. உன் இருமல் நின்றதா, ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறாயா என்று எழுது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் குரல் கேட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. உன் அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், அவள் பெரிய மகளுக்குப் பல் விழுந்து முளைக்கிறது, சிரித்தால் நம் வீட்டுக் கேட் மாதிரி இருக்கிறது. குளியலறைக் குழாயைக் கடைசியில் மாற்றிவிட்டோம். மருந்துக்கடையில் முதலாளி எடை குறைக்கும் மாவு டப்பாக்களை வாசல் பக்கம் அடுக்கச் சொல்லிவிட்டார், உள்ளே வருகிற எல்லோரும் என்னைத் தாண்டி அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வாங்கிப் போகிறவர்கள் ஒரு மாதத்தில் இளைத்து வந்து எனக்கு நன்றி சொல்கிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே ஆட்கள் முன்பைவிடப் பெரிய சட்டையில் வந்து, டப்பா இருக்கிறதா என்று மெதுவான குரலில் கேட்கிறார்கள். கல்லாவில் நின்று இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. வீட்டிலும் இதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நீ ஒவ்வொரு முறை ஊருக்கு வருவதாகச் சொல்லும்போதும் உன் அப்பா என்ன செய்வார் என்று உனக்குத் தெரியாது. டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நீ சொன்ன மறுநாளே சோற்றை நிறுத்திவிடுவார். வெந்நீர், வெள்ளரிக்காய், சாயங்காலம் ஒரு பிஸ்கட். முகம் வற்றிப்போகும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார், பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போடுவார். நீ விமான நிலையத்துக் கதவைத் தாண்டி வந்ததும் முதலில் சொல்வது, "பரவால்லையேப்பா, இந்தத் தடவை குறைச்சிருக்கீங்க" என்றுதான். அதற்காகத்தான் அத்தனையும். நீ திரும்பிப் போகிற அன்றைக்கு உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் நேராக வீட்டுக்கு வருவதில்லை. அங்கேயே இருக்கும் கேண்டீனில் அவர் உட்கார்ந்துகொள்வார். தட்டு வரும், காலியாகும், அடுத்தது வரும். நிமிர்ந்து பார்க்கமாட்டார். எதிரில் உட்கார்ந்து நான் பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ வந்து போன ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு நீ வருவதற்கு முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடித்தான் நின்றது.

அவர் வேலையை யோசித்துப் பார். லாரி எடைமேடையில் வாழ்நாளைக் கழித்த மனிதர். காலி லாரியை எடை போட வரும்போது டீசலைக் குறைத்துக்கொண்டு, ஸ்டெப்னியை எங்காவது இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். சரக்கேற்றி வரும்போது அதெல்லாம் வண்டியில் ஏறியிருக்கும், சரக்கு கூடுதலாகக் காட்டும். அந்தத் திருட்டைக் கேபின் கண்ணாடி வழியாகவே பிடித்துவிடுவார் என்று பேர் வாங்கியவர். அதையே தன் உடம்பில் செய்துகொண்டு உன் முன்னால் வந்து நின்றார், நீயும் அந்த எடையை நம்பிச் சந்தோஷப்பட்டாய். நீ போன முறை வந்து சென்ற பிறகு கேபின் படியில் வழுக்கி விழுந்தார் என்று சொன்னோமே, அது வழுக்கல் இல்லை, மயக்கம். உன்னிடம் வழுக்கியதாகச் சொல்லச் சொன்னது அவர்.

அப்போதுதான் அந்த டாக்டரம்மாவிடம் போனோம். உன் அக்கா வயதுதான் இருக்கும், அதட்டிப் பேசத் தெரியாதவர். இத்தனை வருடமாக எடை ஏறி ஏறி இறங்கிய கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, சர்க்கரை, ஈரல் ரிப்போர்ட்டைக் காட்டி, இனி ஒரு முறை பட்டினி கிடந்து இளைத்தால் தன்னிடம் வர வேண்டாம் என்றார். பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை. "பத்து வருஷம் கழிச்சும் இதையே செஞ்சுக்கிட்டு இருக்க முடியுமான்னு யோசிங்க. முடியாதுன்னு தோணுச்சுன்னா அதை இன்னைக்கே ஆரம்பிக்காதீங்க." உன் அப்பாவுக்கு அது ஏமாற்றம். ஒரு பெரிய தடை உத்தரவை எதிர்பார்த்துப் போனவர். கட்டுப்பாடு என்றால் ராணுவம் மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு.

ஆனால் செய்தார், அதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். டிவி முன்னால் சாப்பிடுவதை விட்டோம், முதல் வாரம் இருவருக்கும் பேச எதுவும் இல்லாமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம். தட்டில் காயை முதலில் போட்டு, சோற்றை அதற்குப் பிறகு போடுகிறேன். சோற்றை நிறுத்தவில்லை, பாதியாக்கினோம். டீயில் சர்க்கரையை ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், அதற்கே சில மாதங்கள் ஆயின. ராத்திரி படுக்கிற நேரத்தை முன்னால் கொண்டுவந்தோம், நேரத்தில் தூங்கினால் அந்த நடுச்சாமத்துப் பசி வருவதில்லை என்று அவரே கண்டுபிடித்ததுபோல என்னிடம் சொன்னார். இன்னொன்று கேள். முன்பெல்லாம் கேபினுக்குள் உட்கார்ந்தபடி கையைக் காட்டுவார், வண்டி மேடையில் ஏறும். இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் படியிறங்கி, சுற்றி வந்து, எல்லாச் சக்கரமும் மேடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே ஏறுகிறார். டிரைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மீசை என்று ஒருவர், பல வருடமாக வருகிறவர், எங்க வண்டி இளைக்குதா நீங்க இளைக்கிறீங்களான்னு தெரியலையே அண்ணே என்று கேட்டாராம். முன்பு அவர்கள் செய்த கேலி வேறு, கேபினை விட்டு இறங்கிட்டு எடை போடுங்க அண்ணே, உங்க கனமும் எங்க கணக்குல ஏறுது என்பார்கள். உன் அப்பா அதையும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொல்வார், சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பிடுவார்.

குறைந்தது கொஞ்சம்தான். நீ பார்த்தால் கண்ணில் படாது. ஆனால் குறைந்தது திரும்பி ஏறவில்லை, நம் வீட்டில் அது நடந்ததே இல்லை. மாடிப்படியில் பாதியில் நிற்காமல் ஏறுகிறார். மாத்திரையில் ஒன்றை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். இதையெல்லாம் உன்னிடம் போனில் சொல்ல அவர் இரண்டு முறை வாயெடுத்தார். நீ, அதெல்லாம் சரிப்பா, எடை எவ்வளவு என்றாய். எண்ணைச் சொன்னார். இவ்வளவு மாசத்துல இவ்வளவுதானா என்று கேட்டாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு உன் பார்சல் வந்தது. உன் கல்யாணத்துக்கு அப்பா போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டு. துணி நல்ல துணி, நிறமும் நன்றாகத்தான் இருந்தது. பையில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "இதுதான்பா டார்கெட்." அவர் அதைப் போட்டுப் பார்த்தார். கை நுழைந்தது, முதுகு நுழைந்தது, முன்பக்கம் இரண்டும் ஒன்றோடொன்று முகம் பார்க்கவே இல்லை. நம் தெருமுனைத் தையல்காரரிடம் எடுத்துப்போனேன். அவர் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்மடிப்புல துணியே விடலைக்கா, பிரிச்சாலும் ஒண்ணும் வராது" என்றார். அளவு தெரியாமல் தைத்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை, அளவு தெரிந்து, கூடுதல் துணி வேண்டாம் என்று சொல்லித் தைக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது என்றார். அவருக்கு நீ யாரென்று தெரியும், கோட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உன் அப்பா அதை வாங்கி, நாங்கள் சாப்பிடும் இடத்துக்கு எதிரே ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டார். பிரிக்க வேண்டாம், நான் உள்ளே வந்துவிடுகிறேன் என்றார்.

அன்றிலிருந்து டிபன்பாக்ஸ் கழுவித் திரும்பி வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு ஸ்பூனைக் கழுவி நான் பார்த்ததில்லை. மீசை ஒரு நாள் கடைக்கு வந்து, தலைவலி மாத்திரை கேட்டு, வாங்கிய பிறகும் நின்றார். அண்ணன் சாப்பாட்டை எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடறாருக்கா, வெந்நி மட்டும் குடிக்கிறாரு, படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டுதான் இறங்குறாரு என்றார். அதற்குள் விஷயம் நடந்தும்விட்டது. சரக்கோடு நின்ற வண்டியைக் காலி வண்டி என்று சீட்டு அடித்துக் கொடுத்திருக்கிறார். எடைமேடை முதலாளி டிரைவர்கள் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டியிருக்கிறார், கண் தெரியலைன்னா வீட்ல இரு என்று. ஒரு தப்புச் சீட்டு அந்தக் கேபினிலிருந்து போனதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இன்னொரு முறை இப்படி ஆனால் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும், அவருக்கும் அது தெரியும்.

சாயங்காலம் கேட்டேன். சண்டை போடவில்லை, சும்மா கேட்டேன், யாருக்காக இப்படி என்று. அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொண்ணு வீட்ல எல்லாரும் தெனம் காலைல ஓட்டப்பயிற்சி பண்றவங்களாம். அத்தனை பேர் நடுவுல அவன் என்னைக் காட்டி அப்பான்னு சொல்லணும்ல."

இதைப் படித்ததும் நான் அந்த அர்த்தத்தில் செய்யவில்லை அம்மா என்று நீ எழுதுவாய். வேறு எந்த அர்த்தத்தில் செய்தாய் என்று எனக்கு எழுதாதே, நீயே யோசித்து வைத்துக்கொள். அவர் உடம்புமேல் உனக்கு அக்கறை இருந்தால் டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு முறையாவது கேட்டிருப்பாய். உனக்குக் கல்யாணப் படத்துக்கு ஒரு அப்பா வேண்டும். இந்த அப்பாவுக்கு ஒரு கோட்டுத் தைப்பது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் போன மாதம் என்னோடு பேசினாள், மாமாவுக்கு மாடி ஏறும்போது இப்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். எடையை அவள் கேட்கவில்லை. யாருக்காக நீ வெட்கப்படுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தக் கோட்டை இன்றைக்கு உனக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், உன் நண்பர்களில் யாருக்காவது சரியாக இருக்கும். பொத்தானை இறுக்கித் தைக்க என்று சொல்லிக் கம்பியிலிருந்து எடுத்ததால் அவர் அது தையல்காரரிடம் இருப்பதாக நினைக்கிறார், இன்று வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிடுவேன். அவர் இப்போது இருக்கும் அளவுக்கு நம் தையல்காரர் ஒன்று தைப்பார். அதைப் போட்டுக்கொண்டு வருவதானால் நாங்கள் இருவரும் கல்யாணத்துக்கு வருகிறோம். இல்லையென்றால் இருவரும் வரவில்லை. அவர் வருவார், நீ கூப்பிட்டால் எப்படியும் வருவார், அதனால்தான் அவருக்கும் சேர்த்து நானே சொல்கிறேன். முடிவு உன் பக்கம் இருக்கிறது. இப்படியே வாங்கப்பா என்று நீ உன் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும், நான் சொல்லி அவர் நம்பமாட்டார்.

நீ அனுப்பிய படத்தில் உன் கன்ன எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டு டப்பா மாவைக் கலக்கிக் குடிக்கிறாய் என்று உன் அக்கா சொன்னாள். கோபத்தில் இருக்கும்போதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, வயதான பிறகும் செய்யக்கூடியதை மட்டும் செய். நீயும் அவளும் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும், ஒருவரை ஒருவர் அளந்து பார்க்காமல் வாழ வேண்டும். என் ஆசி உங்கள் இருவருக்கும் உண்டு, அதில் குறைவு வைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு கூப்பிடு. சாப்பாட்டுக்கு முன்னால் உன் குரலைக் கேட்டால் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா