ஒரு வரி குறைந்த பாட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். மூக்கு மட்டும் வெயிலில் தோலுரிந்து கிடக்கிறது. நீங்கள் நலமா என்று போனில் கேட்டால் 'ம்' என்பதோடு நிறுத்திவிடுவீர்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

எங்கள் கண்ணாடிக் கடை ஆட்கள் எல்லோரையும் முதலாளி இந்தத் தீவுக்குச் சுற்றுலா அழைத்து வந்திருக்கிறார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர், என்ன வந்ததோ தெரியவில்லை. குட்டியை அம்மாவிடம் விட்டிருக்கிறேன். இருமல் குறைந்துவிட்டது, கவலைப்படாதீர்கள்.

அங்கே வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கவா என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இங்கு வந்தும் அதே யோசனைதான். கடலைப் பார்த்தாலும் அதுதான், சோற்றைப் பார்த்தாலும் அதுதான்.

விடுதியில் மாலையில் பாட்டுக் கச்சேரி என்று பலகை வைத்திருந்தார்கள். போனால், ஒருவர் பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்கிறார். பாட்டு நின்ற பிறகும் அவர் வாய் நிற்கவில்லை. நீங்கள் குளிக்கும்போது வரி மறந்து 'லலலா' போடுவீர்களே, அது எவ்வளவோ மேல். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

உள்ளூர்க்காரர்கள் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று விடுதியில் துணி துவைக்கும் பெண்ணை நச்சரித்தேன். ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் படகு பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் போகச் சொன்னாள். எங்கள் பில் போடும் பெண்ணை, அதுதான் குண்டூசியை, இழுத்துக்கொண்டு போனேன்.

வேலை முடிந்து, கையிலிருக்கும் கிரீஸைத் துடைத்தபடியே உட்கார்ந்து பாடுகிறார்கள். மைக் கிடையாது. ஒரு கிடார், ஒரு மேளம். மேளம் அடித்தது ஒரு பெண். ஆளுக்கு ஒரு வரியாகச் சுற்றி வந்த பாட்டு ஓரிடத்தில் சட்டென்று நின்றது. முடிந்துவிட்டதென்று நினைத்துப் பலமாகக் கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். உடனே பாட்டு மறுபடி தொடர்ந்தது. மானம் கப்பலேறியது. குண்டூசி என்னைத் தெரியாதவள்போல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு மேளக்காரப் பெண்ணே அருகில் வந்து சொன்னாள். அந்த இடம் அவள் புருஷனுடைய வரியாம். வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறாராம். போனவருடைய வரியை வேறு யாரும் பாடுவதில்லை, திரும்பி வரும்வரை காலியாக விடுவதுதான் இங்கே வழக்கமாம். எவ்வளவு மரியாதை என்றேன். அவள் சிரித்துவிட்டு, "மரியாதைதான். ஆனா சின்னப் பிள்ளைங்க பாட்டே அப்படித்தான்னு நெனச்சிடுச்சுங்க. அந்த எடத்துல மூச்சு வாங்கிட்டு மேல பாடிட்டுப் போகுதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் என் காதில் ஏறவில்லை. உங்கள் நினைப்பாகவே இருந்தது.

அத்தான், ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. அப்பா எப்போது வருவார் என்று குட்டி இப்போதெல்லாம் கேட்பதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று பள்ளியில் ஆசிரியை கேட்டதற்கு, நானும் அம்மாவும் என்றிருக்கிறாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லையாம், சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

யோசித்துவிட்டேன். நீட்டிக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் வெறுந்தலையோடு அலையாதீர்கள். சீக்கிரம் வந்துவிடுங்கள். வாசலில் வந்து நிற்பது யாரென்று அவளுக்கு நான் சொல்லித்தரும்படி வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களவள்