சாயாக்கடையில் ஒரு டோக்கன்

கார்த்திகை 9, செவ்வாய்.

இன்று பழி தீர்த்தேன். வாளெடுத்து அல்ல, கடையின் கக்கூஸ் சாவியை வைத்து. என் வீரம் அவ்வளவுதான்.

என் பெண்டாட்டி செல்வி இறால் உரித்த கம்பெனியில் நாற்பது பெண்களுக்கு ஒரே மூத்திர டோக்கன். ஒருத்தி அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். மலையாளி சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பன்னிரண்டு வருடம் அடக்கி அடக்கி வந்த நோவுக்கு அவள் இன்றும் மாத்திரை விழுங்குகிறாள்.

ரிட்டயரான அதே ஆள் மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் சாயாக்கடைக்குள் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, பாத்ரூம் சாவி! வேகம்!"

"டோக்கன் உண்டா சேட்டா?"

"எந்து டோக்கன்?"

"உள்ளே ஆள் இருக்கு. டோக்கன் திரும்பி வரட்டும்."

உள்ளே ஈ, கொசுதான் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடினார். சட்டென்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். எந்த டோக்கன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் அதற்கு மேல் தாங்கவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டேன்.

சாப்பிடும்போது செல்வியிடம் பெருமையடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் நிக்க வச்சீங்க?"

"அஞ்சு நிமிஷம்."

"அஞ்சா? அதுக்கா இவ்வளவு பேச்சு? சாவியை இங்க குடுங்க. இனி அந்தாளு வந்தா என்னைக் கூப்பிடுங்க."

சாவி இப்போது அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது. நாளைக்குக் கடையில் எனக்கே முட்டினாலும் அவளிடம்தான் டோக்கன் கேட்க வேண்டும்.