போடிக்கு மேலே போகும் விமானங்கள்

10 ஜூன் 2024
இன்றும் சரியாக வரவில்லை. போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால், பறக்கும் விமானத்தின் மேலேயே அது புறப்பட்ட ஊரும் போகும் ஊரும் எழுத்தாகத் தெரிய வேண்டும். தெரிகிறது. ஆனால் விமானம் ஓரிடத்தில், எழுத்து வேறிடத்தில். விமானம் நேர் உச்சியில் போகிறது; ‘கொழும்பு – டெல்லி’ மட்டும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது. மொட்டைமாடி வெயிலில் நின்று கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சுஜாதா தேனி ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடித்து வந்தாள். “சாப்ட்டீங்களா?” என்றாள். சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

14 ஜூன்
பிரதீப் கோவையிலிருந்து பேசினான். கல்லூரிக் காலத்திலிருந்து கூட இருப்பவன். இந்த ஆப்பில் பாதி அவன் எழுதியது. பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

“தப்பா எடுத்துக்காத அருள்பாண்டி. வீட்ல பொண்ணு பாக்குறாங்க. ஆப்பு பண்றேன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?”

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. சரிடா என்றேன். அவன் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

17 ஜூன்
எழுத்து விலகியதற்குக் காரணம், மாடியில் தூணுக்கு விட்ட கம்பிகள்தான்! போனுக்குள் இருக்கும் திசைகாட்டியை இரும்பு இழுக்கிறது. சிலமலை ஊர்ப் பக்கம் வண்டியை நிறுத்தி, காட்டு நடுவில் போய் நின்று பார்த்தேன். எழுத்து விமானத்தின் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு போனது. கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், “என்ன தம்பி, டவர் கெடைக்கலயா?” என்று சிரித்தார்கள்.

ஆனால் எல்லோரும் காட்டுக்கு வந்தா விமானம் பார்ப்பார்கள்? சூரியனை ஒரு தடவை குறிவைத்தால் திசையைத் தானாகத் திருத்திக்கொள்ளும்படி எழுத வேண்டும். அதையும் நானே எழுத வேண்டும்.

22 ஜூன்
விமானங்கள் தம் இருப்பிடத்தைச் சிக்னலாக அனுப்பிக்கொண்டே போகும். அதைப் பிடிக்கும் ரிசீவர் என் வீட்டில் இருக்கிறது. மேற்கே மலை மறைப்பதால், கேரளத்திலிருந்து வருபவை தலைக்கு மேல் வந்த பிறகுதான் அதற்குத் தெரிகின்றன. மலைமேல் கொண்டுபோனால் சரியாகும்.

தவசி, தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான். ரிசீவரையும் ஆன்டெனாவையும் அதில் ஏற்றி, போடிமெட்டுக்கு மேலே கருப்பம்மாள் அக்கா வீட்டுக் கூரையில் கட்டினோம். அக்கா ஏலக்காய் எடுக்கப் போகிறவர்.

“இடி கிடி எறங்கிராதுல்ல தம்பி?”

எறங்காதுக்கா என்றேன். இடியைப் பற்றி நான் தேடிப் படித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

2 ஜூலை
சுஜாதாவுக்கு துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வந்துவிட்டது. விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. இல்லை, சொல்லியிருப்பாள். நான்தான் எதையோ நோண்டிக்கொண்டிருந்திருப்பேன்.

“ரெண்டு வருசந்தேன். நீங்க சொல்லுங்க. போகவா, வேணாமா?”

“உன் இஷ்டம் சுஜா.”

 தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேணாம்னு சொல்லியிருக்கலாம். எந்த வாயால சொல்ல? அவ சம்பளத்துலதான அடுப்பு எரியுது.

3 ஜூலை
இன்றும் சொல்லவில்லை.

28 ஜூலை
சுஜாதா இன்று துபாய்க்குக் கிளம்பினாள். மதுரை ஏர்போர்ட்டுக்குக் கூட வருகிறேன் என்றேன். “எங்கண்ணே கூட்டிட்டுப் போகும். நீங்க மேல போய் நில்லுங்க. எம் பிளைட்டு உங்க ஆப்புல வருதான்னு பாருங்க” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தவசியோடு போனேன். மலை முழுக்க மேகம். பத்தடிக்கு அப்பால் ஏலச்செடிகூடத் தெரியவில்லை. போன் திரையும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் கிழக்கே ‘மதுரை – துபாய்’ முளைத்தது. மெதுவாக ஏறி உச்சிக்கு வந்தபோது, மேலே சத்தமும் கேட்டது.

“இதுலயா நம்ம புள்ள போகுது?” என்றார் கருப்பம்மாள் அக்கா. தலையை மட்டும் ஆட்டினேன். எழுத்து மேற்கே போய்ச் சிறுத்து, இல்லாமல் போனது.

ஆப் ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்த முதல் நாள் இதுதான். சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

19 ஆகஸ்ட்
ஆப்பை வெளியிட்டேன். ‘நல்லாருக்கு, ஆனா பேட்டரியைத் தின்னுது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேறு யாரும் எழுதவில்லை.

3 செப்டம்பர்
ஏலக்காய் ஏலம் விடும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எந்த மூட்டை யாருடையது என்று பதிய வேண்டும். சட்டையைக் கழற்றிய பிறகும் ஏலக்காய் வாசம் போகவில்லை. படுத்ததும் தூக்கம் வந்தது.

8 செப்டம்பர்
ஆப்பை நிறுத்திவிட்டேன். ரிசீவரைத் தவசி கழற்றி எடுத்து வந்தான். ஒன்றும் கேட்கவில்லை, நல்லவன்.

12 செப்டம்பர்
சுஜாதா பேசும்போது ஆப்பைப் பற்றிக் கேட்டாள். நிறுத்தியதையும் வேலைக்குப் போவதையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“அப்ப நான் எதுக்கு இங்க வந்து கெடக்கேன்?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“சம்பளத்துக்கு அலையாம நீங்க அத முடிக்கணும்னுதானங்க வந்தேன். உன் இஷ்டம்னீங்க. நான் போனாத்தேன் உங்களுக்குச் சோலி ஆகும், அத வாய்விட்டுச் சொல்லமாட்டாம இருக்கீகன்னு நெனச்சேன்.”

“போகாதன்னு சொல்லத்தான் நெனச்சேன் சுஜா. எனக்கு வாய் வரல.”

  அவள் அழுதாள். நானும்தான்.

ரொம்ப நேரம் கழித்து, “சாப்ட்டீங்களா?” என்றாள்.

13 செப்டம்பர்
கம்பெனி வேலையை விடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. பேட்டரி விஷயத்தை இன்று பார்த்தேன், சரிசெய்துவிடலாம்.

ரிசீவரை மேலே கட்ட, ஞாயிறன்று ஜீப்பில் ஓர் இடம் வேண்டும் என்று தவசியிடம் சொன்னேன்.

“மறுபடியுமா மாப்ளே?”

“ஆமா.”

“அப்ப வெரசா வந்துரு. ஆளு ஏறிட்டா எடம் இருக்காது” என்றான்.